பொலிக்ஸேனி நெய்த கட்டில் போர்வை

பொலிக்ஸேனியை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கந்தல்காரி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அந்தப் பெயரில் பாதி இளக்காரம், பாதி தேவை. உடுத்தி ஓய்ந்த துணியை ஒவ்வொரு வீட்டிலும் நீளநீளமாகக் கிழித்து, முனைக்கு முனை தைத்து, உருண்டையாகச் சுற்றி அவளிடம்தான் கொண்டுவந்து போட வேண்டும். பருத்தி நூலை நெடுக்கே பாவாக ஓட்டி, அந்தக் கந்தலைக் குறுக்கே ஊடையாக அடித்து அவள் குரெலு என்கிற முரட்டு விரிப்பு நெய்து கொடுப்பாள். தரையில் விரிக்கலாம், அடுப்புக்கு முன்னால் போடலாம், கழுதைச் சேணத்துக்கு அடியிலும் வைக்கலாம். மீந்துபோகிற கைப்பிடி உருண்டையை யாரும் திருப்பிக் கேட்டதில்லை, அவளும் கொடுத்ததில்லை. அதெல்லாம் தறிக்குப் பின்னால் ஒரு சாக்குக்குள் போகும்.

குரெலு தரைக்கு உரியது. கட்டிலில் ஏறாது. அதை நெய்கிறவளையும் ஊர் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருந்தது. விசேஷ வீடுகளில் அவளுக்குக் கொல்லைப்புறத்தில் இடம் இருக்கும், உரிக்க வெங்காயமும் இருக்கும்.

அவள் மகள் லம்ப்ரினியை மரக்கடைக்காரர் வீட்டுப் பையன் தேமிஸ் கேட்டு வந்தான். பட்டாள ஆட்சி போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கையில் கொஞ்சம் காசு புரண்டவர்கள் வீட்டிலெல்லாம் கடைக் கம்பளி வந்துவிட்ட காலம். புலி போட்டது, ரோஜா போட்டது, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி வழுக்கும். நிச்சயம் முடிந்து காப்பி குடிக்கும்போது தேமிஸின் அம்மா அஸ்பசியா சொன்னாள்:

"கட்டிலுக்குக் கம்பளி நானே லாரிஸா டவுன்ல வாங்கிட்டேன் சம்பந்தி. மயில் போட்டது. நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. தரைக்கு வேணா நாலு குரெலு நெய்து குடுத்துடுங்க, போதும்."

கல்யாணக் கட்டிலுக்குப் படுக்கை தருவது பெண் வீட்டு உரிமை. வைக்கோல் மெத்தையோடு போனவளுக்கும் அந்த உரிமை இருந்தது. பொலிக்ஸேனி கப்பைக் கீழே வைத்தாள். "சரி சம்பந்தி" என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். மகள் கட்டிலில், எல்லாவற்றுக்கும் மேலே, தன் கை செய்தது ஒன்று கிடக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

தறியில் நெய்த முதல் போர்வை விறைத்துக்கொண்டு நின்றது. அவள் புருஷன் ஸ்டெர்யோஸ் அதைச் சுவரில் சாத்திப் பார்த்தான்.

"ஆட்டுக்கொட்டாய்க்குக் கதவா மாட்டிடலாம். கீல் மட்டும் வாங்கியாறேன்."

"வாங்கியா. முதல்ல உன் வாய்க்கு மாட்டு."

ஊடையைத் தளர்த்தி அடித்துப் பார்த்தாள். விறைப்பு போனது, பாரம் போகவில்லை. கம்பளித் துணியாக எடுத்துக் கிழித்தாள், கழுத்தெல்லாம் அரித்தது. கடைசியில் தறியை விட்டே எழுந்தாள். பாவு நூல்தான் துணியை இறுக்குகிறது என்று பட்டது. ஒரு பழைய கதவுப் பலகையின் ஓரமெல்லாம் ஆணி அடித்து, துணிக்கீற்றையே நெடுக்கிலும் கட்டி, துணிக்கீற்றையே குறுக்கிலும் விட்டு, கூடை முடைகிற மாதிரி மேலும் கீழுமாகக் கையாலேயே கோத்தாள். பாவும் கந்தல், ஊடையும் கந்தல். துண்டு துண்டாக முடைந்து இணைத்து, அடியில் ஒரு வெள்ளைத் துப்பட்டி வைத்து, நடுவில் சொந்த ஆட்டின் ரோமத்தைச் சிக்கெடுத்துப் பரப்பி, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினாள்.

அப்போதும் சில இடங்கள் முரடாக நின்றன. அவ்வளவாக உடுத்தாத துணி இருந்த இடமெல்லாம் முரடு. அதையும் பிரித்துப்போட்டு, ஒவ்வொரு கீற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மேலுதட்டில் தேய்த்துப் பார்த்துத்தான் எடுத்தாள். உதடு சரியென்றால் எடுத்துக்கொள்வாள், இல்லையென்றால் சாக்குக்கே போகும். எது யார் வீட்டுத் துணி என்று பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

தலைவலி என்று ஒரு சாயங்காலம் லம்ப்ரினி முடிந்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். விடிந்து ஆட்டுமணி கேட்டபிறகுதான் கண் விழித்தாள்.

"அம்மா, இது எனக்கு. மயிலை அவங்களே வெச்சுக்கட்டும்."

பொலிக்ஸேனி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முகம் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிறு கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டு மாடியில் கட்டில் போடும் சடங்கு. கல்யாணமாகாத பெண்கள் துப்பட்டி விரித்து, தலையணை வைத்து, கடைசியில் லம்ப்ரினி கேட்டபடி மயில் கம்பளியை விட்டுவிட்டு அம்மாவின் போர்வையை உதறிப் போட்டார்கள். அரிசியும் சர்க்கரை பூசிய பாதாமும் மேலே விழுந்தன. சீக்கிரம் பிள்ளை பிறக்கட்டும் என்று யாரோ ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து நடுவில் உருட்டினார்கள். அது அழாமல் போர்வை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பியது.

"பாரேன், பிள்ளைக்கே பிடிச்சிருக்கு" என்று பெண்கள் கட்டிலை நெருங்கினார்கள். தடவினார்கள். இது கந்தலா, கந்தலா இப்படி என்று கேட்டார்கள். பொலிக்ஸேனி வாசல் பக்கம் நின்றிருந்தாள். அன்றைக்கு யாரும் அவளிடம் வெங்காயத்தை நீட்டவில்லை.

ரொட்டிக்கடை எவாந்தியா திடீரென்று கத்தினாள். "ஏய், இந்தச் சிவப்பு என் ஏப்ரன்டி!"

"உன் ஏப்ரனா இருந்தா எலி வந்திருக்குமே."

"இந்தப் பச்சை எங்க வீட்டு ஜன்னல் திரை, ஆமா!"

"அப்போ சரி, உன் திரை வழியாவே மாப்பிள்ளை ரூமை எட்டிப் பாரு."

மாடி அதிரச் சிரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் குனிந்து தன் வீட்டுத் துணியைத் தேட ஆரம்பித்தார்கள். பொலிக்ஸேனியும் சிரித்தாள்.

ஸ்தமாதாவும் குனிந்தாள். அடுத்த வீட்டுக்காரி, பொலிக்ஸேனிக்குச் சின்ன வயசுச் சிநேகிதி. புருஷன் மில்ட்டோஸ் இறந்து ஒன்றரை வருஷம், இன்னும் துக்கத்துக்குக் கறுப்புதான் உடுத்தியிருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நீலக்கோட்டு ஃப்ளானல் கீற்றில் அவள் கை நின்றது. விரலால் அதைப் பின்தொடர்ந்து போனாள். பிறகு அப்படியே குனிந்து அதை முத்தமிட்டாள்.

"இங்கதான் இருக்கியா என் ராசா" என்றாள்.

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"என்ன சொன்ன ஸ்தமாதா?" அஸ்பசியா கேட்டாள்.

"மில்ட்டோஸோட பைஜாமா. படுக்கையில கெடந்தப்போ போட்டிருந்தது. ரெண்டு வருஷம் தெனமும் துவைச்சேன். எப்படி மெத்துனு இருக்கு பாருங்க."

அப்போதுதான் பொலிக்ஸேனிக்குத் தன் உதடு எதைத் தேடிப் பிடித்தது என்று விளங்கியது. ஓயாமல் துவைக்கப்பட்ட துணியைத்தான் அது சரியென்றது. ஊரில் ஓயாமல் துவைக்கப்படுவது, படுத்தவர்கள் எழுந்திருக்காத வீட்டுத் துணி.

"செத்தவன் பைஜாமாவா? என் பையன் கட்டில்லயா?"

"துவைச்சதுதான் சம்பந்தி. நான் மறுபடியும் வெந்நீர்ல போட்டு..."

"சாவு வெந்நீர்ல போகுமா?"

தரையில் கிடந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இறந்தவர்கள் துணியை மிதிக்கலாம். அதன்மேல் புதுப்பெண்ணைப் படுக்க வைக்க முடியாது. பொலிக்ஸேனி ஸ்தமாதாவின் கையைப் பிடித்தாள்.

"நல்லா பாரு ஸ்தமாதா. நீலக்கோடு ஊர்ல எத்தனை பேர்கிட்ட இருக்கு. வேற யாரோடதாவது இருக்கும். சொல்லு."

ஸ்தமாதாவுக்கு அது புரியவில்லை. இல்லை, புரிந்தும் அவள் வாய் பொய் சொல்ல மறுத்தது.

"எனக்குத் தெரியாதா பொலிக்ஸேனி? நீல நூல் தீந்துபோயி நான் கறுப்பு நூல்ல போட்ட தையல் இந்தா இருக்கு."

மற்ற பெண்கள் இப்போது வேறு மாதிரித் தேடினார்கள். எங்க மாமியார் ராத்திரிக் கவுன் என்றாள் ஒருத்தி. இது எங்க பெரியப்பா சட்டை என்று இன்னொருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். குழந்தையின் அம்மா அவசரமாக அதன் வாயைத் துடைத்தாள்.

பொலிக்ஸேனி பெண்களுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள். லம்ப்ரினி மாமியாரைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே முன்னால் வந்து போர்வையை உருவினாள். அரிசியும் பாதாமும் தரையில் சிதறின.

"கழுதைக்குப் போடறதைக் கொண்டாந்து கட்டில்ல போட்டியேம்மா" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

பெண்கள் கட்டிலை மறுபடி போட்டார்கள். மயில் நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பொலிக்ஸேனி ஆட வேண்டிய ஆட்டத்தை ஆடினாள், அழ வேண்டிய இடத்தில் அழுதாள். சில நாள் கழித்து ஸ்தமாதா ஒரு தட்டில் கீரை வைத்துச் சுட்ட ரொட்டியோடு வந்தாள். வந்தவள் நின்றுகொண்டே கேட்டாள்:

"அந்தப் போர்வையை என்ன பண்ணப் போற? யாருக்கும் வேணாம்னா எனக்குக் குடேன். அவரு பக்கத்துல படுத்த மாதிரி இருக்கும்."

பொலிக்ஸேனி போர்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கத்தரிக்கோலால் தையலை வெட்டினாள். நீலக்கோட்டுக் கீற்றின் முனையைக் கண்டுபிடித்து, மேலும் கீழுமாகப் போனதைக் கீழும் மேலுமாக உருவி எடுத்தாள். பிறகு அடுத்தது. ஸ்தமாதா பார்த்துக்கொண்டே நின்றாள். ஓட்டைகளில் ஆட்டு ரோமம் பிதுங்கியது. கடைசியில் நீலக்கீற்று எல்லாவற்றையும் உருண்டையாகச் சுற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இந்தா உன் புருஷன்."

"நான் இதையாடி கேட்டேன்?"

"மிச்சத்துல உனக்குப் பங்கு இல்ல."

ஸ்தமாதா உருண்டையைத் தொடவில்லை. தட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

ஸ்டெர்யோஸுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. தக்காளிச் செடி உயர்ந்து குச்சியில் கட்டுகிற சமயம் வந்ததும் மேஜைமேல் கண்ணில் பட்ட அந்த உருண்டையை எடுத்துக்கொண்டு போனான். மெத்தென்ற துணி, தண்டை அறுக்காது. தோட்டம் சாலையோரம். ஸ்தமாதா தன் நிலத்துக்குத் தண்ணீர் விட அந்த வழியாகத்தான் போக வேண்டும். மறுநாள் காலை பொலிக்ஸேனி களை எடுக்கப் போனபோது, குச்சிக்குக் குச்சி நீலக்கோட்டு முடிச்சு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தாள். தூரத்தில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கறுப்பு உடுப்பு வருவது தெரிந்தது.

பொலிக்ஸேனி கையை எடுத்தாள். குனிந்து, அடுத்த பாத்தியில் களை பிடுங்க ஆரம்பித்தாள்.