சுதந்திர தேவியின் கன்னத்தில் ஒரு புள்ளி

வெர்ன் ஹாக்லண்ட் பிரசங்கத்தின் நடுவேகூடப் பேசுவார். வெள்ளி டாலரின் மேல் மூச்சுகூட விடமாட்டார். வடக்கு டகோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊரில் பழைய நாணயம் சேர்ப்போர் சங்கத்துக்கு விதி வகுத்துக் கொடுத்தவரும் அவரே: உறையில்லாத நாணயத்துக்கு நேரே வாய் திறக்கக் கூடாது. தெறித்த எச்சிலின் கறை அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துக் கரும்புள்ளியாக முளைக்கும். அப்புறம் துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

சென்ற குளிர்காலத்தில் அந்த விதியை மீறியவரும் அவரே.

நண்பர் டெல்மரின் சமையலறை. கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்த பழைய மோர்கன் வெள்ளி டாலர், இதுவரை யார் சட்டைப்பையையும் பார்க்காதது, வெர்னின் விரல் நுனியில் இருந்தது. சாய்த்தால் ஒளி சக்கரமாகச் சுழன்றது. டெல்மரின் மனைவி ஆர்டிஸ் ஆப்பிள் கேக்கை வைத்துக்கொண்டே, "போதகரோட நாய்க்கும் டெல்மர்னுதான் பேராம். அது கூப்பிட்டா வருதாம்" என்றாள். வெர்ன் வெடித்துச் சிரித்தார். டாலரின் மேல் எச்சில் தெறித்ததை அவர் மட்டும் பார்த்தார்.

அப்போதே சொல்லியிருந்தால் அசிட்டோன் திரவத்தில் அலசிக் காப்பாற்றியிருக்கலாம். விதி வகுத்த வாய் அதைச் சொல்லவில்லை. "அருமையான காசு" என்று மட்டும் சொன்னது.

கோடையில், டாலரில் பொறித்திருந்த சுதந்திர தேவியின் கன்னத்தில் கடுகளவு கறுப்பு. அதற்கு முன் ஆர்டிஸ் ஒருமுறை அந்த டாலரை உறையிலிருந்து எடுத்துத் தன் தங்கைக்குக் காட்டியிருந்தாள். டெல்மர் பழியை அவள் மேல் போட்டு, அலமாரிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார். வெர்ன் தன் பங்குக்கு அவள் கேக்கைத் தின்பதை விட்டார். அதைத் தனக்கான தண்டனையாகக் கணக்கு வைத்துக்கொண்டார். கேக்கும் கெட்டுப்போச்சோ என்று ஆர்டிஸுக்கு இன்னொரு கவலைதான் மிச்சம்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கக் கூட்டம். டெல்மர் டாலரை உறையிலிருந்து எடுத்து வெர்னிடம் நீட்டினார்.

"எல்லாருக்கும் காட்டுய்யா. பொம்பளை வாய் பட்டா வெள்ளிக்கு என்ன கதின்னு பாக்கட்டும்."

"தங்கச்சிக்குக் காட்டினப்ப நான் வாயே திறக்கல, டெல்மர்" என்றாள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஆர்டிஸ். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் வாய மூடிட்டு இருந்த ஒரே நேரம் அது. அதையும் நம்ப மாட்டேங்கற."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வெர்ன் டாலரை வாங்கிக்கொண்டார். "அவ இல்ல, டெல்மர். நான்தான். அன்னிக்கு அந்த நாய்க் கதைக்குச் சிரிச்சேன் பாரு... தெறிச்சதைப் பாத்தேன். பாத்துட்டும் சும்மா இருந்துட்டேன்."

டெல்மர் அவரையே வெறித்துப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த டாலரைப் பார்த்தார்.

"சொல்றதைச் சொல்லு" என்றார். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சொல்லு."

வெர்ன் திரும்பினார். அந்தப் பக்கம் ஆர்டிஸ் நின்றிருந்தாள்.