இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாத கன்னியம்மா

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டவளுக்கு ஹீமோகுளோபின் ஏறியிருக்க வேண்டும். கன்னியம்மாவுக்கு 9.8இலிருந்து 8.1க்கு இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

"மாத்திரையை எங்கம்மா கொட்டின?" என்றேன்.

காஞ்சிபுரத்தில் ஓர் எலும்பு மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். கடைசி ஆறு வருஷம் பிரீ-ஆப். அதாவது, மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களைத் தயார்படுத்தும் வேலை. முட்டி மாற்றும்போது ரத்தம் போகும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர் என்றால் பிறகு பாட்டில் ஏற்ற வேண்டிவரும், எழுந்து நடப்பதும் தள்ளிப்போகும். அதனால் இரண்டு மாதம் முன்பே டெஸ்ட் எடுத்து, குறைவு இருந்தால் மாத்திரை தொடங்குவோம்.

கன்னியம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஏனாத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் தோசைக் கல் முன்னால் நின்றே இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். காலேஜ் லீவு விட்டதும் ஆபரேஷன் என்று அவளே கேட்டு வாங்கிய தேதி அது.

"லீவு முடிஞ்சு நான் கல்லாண்ட நிக்கலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க சிஸ்டர்."

முதல் நாள் அவளுக்கும் என் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். டீ, காபி, பாலோடு போடாதே. எலுமிச்சை ஜூஸோடு போடு. வயிறு கொஞ்சம் கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்றும் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். டிக் அடித்துவிட்டேன்.

இப்போது காலி அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள்.

"சத்தியமா சாப்ட்டுக்கினுதான் இருக்கறேன் சிஸ்டர்."

"காலி அட்டையக் காட்டினா நம்பிடுவேனா?" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனாள்.

ஸ்டெல்லா

ஸ்டெல்லா எங்கள் ஹவுஸ்கீப்பிங். பாத்ரூம் கழுவுபவள். பத்து நிமிஷம் கழித்து வாளியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், இப்ப போய்ட்டு வந்தாங்களே, அந்தம்மாவுக்கு வயித்துல ரத்தம் போவுது."

"இரும்பு மாத்திரை ஸ்டெல்லா. கறுப்பாத்தான் போகும்."

"அது எனக்குத் தெரியாதா? தெனம் கழுவறவ நானு. மாத்திரை போடறவங்களுது தண்ணி ஊத்துனா போய்டும். இது தார் மாதிரி ஒட்டிக்கினு கெடக்குது. நாத்தம் கொடலப் பொரட்டுது. நீங்களே வந்து பாருங்க."

இவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாளே என்ற எரிச்சலோடுதான் எழுந்தேன். கதவுக்குப் பக்கத்தில் போனதும் அந்த நாற்றம் அடித்தது. ஜெனரல் வார்டில் நின்ற எந்த நர்ஸும் அதை மறக்கமாட்டாள். செரித்த ரத்தத்தின் நாற்றம் அது.

கன்னியம்மாவின் நாடியைப் பிடித்தேன். படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"முட்டி வலிக்கு என்னம்மா போடற?"

"மெடிக்கல்ல செட்டு வாங்கிப் போடறேன். காலைல ஒண்ணு, சாய்ங்காலம் ஒண்ணு. போடலன்னா நிக்க முடியாதே."

"வேற மாத்திரை இல்லன்னு சொன்னியே!"

"டாக்டர் எழுதிக் குடுத்ததத்தான் கேக்கறீங்கன்னு இருந்துட்டேன். இது சும்மா வலிக்கு."

செட்டு என்றால், கடைக்காரர் நாலைந்து அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. அதற்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததை நம் ஜனங்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் போட்ட வலி மாத்திரை அவள் இரைப்பையைப் புண்ணாக்கியிருந்தது. நான் ரத்தம் ஏற்றப் பார்த்தது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

அன்று சாயங்காலமே எண்டோஸ்கோபி செய்தார்கள். அல்சர், ரத்தக் கசிவு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி வார்டில் படுக்க வைத்தோம். ஆபரேஷன் கேன்சல்.

"நல்லவேளை, கண்டுபிடிச்சீங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

"நான் இல்ல டாக்டர், ஸ்டெல்லா" என்றேன். அதற்குள் அவர் ஏறிய லிஃப்ட் மூடிவிட்டது. மறுநாள் ரவுண்ட்ஸில் மறுபடி சொன்னேன்.

மூன்றாம் நாள்

கன்னியம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எத்தன நாளா இப்படித் தார் மாதிரி போச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு வாரமா இருக்கும்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா."

"மருமவ சொன்னா சிஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போலாம், பயமா இருக்குதுன்னு. நான்தான் அதட்டிட்டேன். கறுப்பாத்தான் போவும், பயப்படாதன்னு சிஸ்டரே சொல்லிக்கிறாங்க, நீ என்னா அவங்களவிடப் பெரிய நர்சான்னு கேட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளைப் பொய்க்காரி என்று நினைத்துக் கத்தியவள் நான்.

புண் ஆறி, ஹீமோகுளோபின் 12.2 ஆகி, ஐந்து மாதம் கழித்துத்தான் முட்டி மாற்றினோம். மெஸ்ஸில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். கறுப்பாகப் போகும் என்று சொல்லுங்கள். தார் போல ஒட்டினாலோ, கெட்ட நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே வா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வலிக்கு என்ன போடுகிறாய் என்று தனியாகக் கேளுங்கள். கன்னியம்மா என்னைக் கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால் ஒரு வாரம் முன்பே வந்திருப்பாள்.