அரை மணி முடிச்சு

அக்கா எதைக் கட்டினாலும் உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அரிசிப் பையோ, பூச்சரமோ, சரியாக அரை மணி கழித்து வந்து அவிழ்ப்பாள். பிறகுதான் மறுபடியும் கட்டுவாள். ஆறு வருடமாகப் பார்க்கிறேன்.

"இன்னாம்மா, பைக்குள்ள பாம்பா புடிச்சி வெச்சிக்கீற?" என்று எதிர்வீட்டு லோகாம்பாள் கேலி செய்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அவள் பெயர் மங்கையர்க்கரசி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக் கூண்டு கழுவச் சேர்ந்தவள். அங்கே எலிகளுக்கு மாரடைப்பை வரவழைத்து, மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனவர். "அவருக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல. இனிமே யாருக்காச்சும் கெடைக்கட்டுமே" என்றாள்.

ஒரு மதியம் அவள் தன் முந்தானையில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்ததை அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் சுகாசினி பார்த்தார். எலியின் இதயக் குழாயைப் பட்டு நூலால் கட்டுவதற்கு அவளைப் பல மாதம் பழக்கினார். மயக்கத்தில் கிடக்கும் எலிக்கு அரை மணி மட்டும் கட்டு. பிறகு ஒரு முனையை இழுத்தால் முடிச்சு அவிழ வேண்டும், ரத்தம் பாய வேண்டும்.

எங்கள் கை தறியில் பழகிய கை. இழையை முடிந்ததும் விரலை நனைத்து ஒரு முறுக்கு, ஒரு இழுப்பு. அப்புறம் அது ஜென்மத்துக்கும் விட்டுப்போகாது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், ஒரு எலிக்கும் அக்காவின் கை அதையே செய்துவிட்டது. அவளுக்கே தெரியவில்லை.

அரை மணியானதும் டாக்டர் இழுத்தார். முடிச்சு அசையவில்லை. கத்தரி முனை அடியில் நுழையவில்லை. இதயத்தில் வெளுத்திருந்த இடம் சிவக்கவே இல்லை. துடிப்பு நின்றது.

"விடும்மா, வேற எலி எடுத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "அரை மணிதான்னு அந்த எலியாண்ட சொல்லிட்டுதானேடி கட்டினேன்?"

அதன்பின் டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் நூலைத் தொடவில்லை.

போன மாதம் தறியில் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு பிணைக்க ஆள் வரவில்லை. அக்காவைக் கெஞ்சி உட்காரவைத்தேன். நாற்பது இழை பிணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் சோறு வடித்துவிட்டு வந்தபோது நாற்பதையும் பிரித்துப் போட்டிருந்தாள்.

இப்போதும் அங்கே வேலைக்குப் போகிறாள், கூண்டு மட்டும் கழுவுகிறாள். வீட்டில் முடிச்செல்லாம் நான்தான் போடுகிறேன்.