மட்டியின் சொந்த விஷம்

நாற்பது வயது தாண்டியும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பேர். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் மேடம் என்பார்கள். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் மறுபடி சின்னவள் ஆகிவிடுவாள். அக்கா மீன் சந்தையில் மட்டிச் சிப்பி விற்கிறவள். வாய்த்துடுக்கு அதிகம். "என்கிட்ட இருக்கிற மட்டியெல்லாம் ஓட்டுக்குள்ள கிடக்குது. படிச்ச மட்டி இது ஒண்ணுதான்" என்று தங்கையைக் காட்டி வாடிக்கைக்காரர்களிடம் சிரிப்பாள்.

சின்னவள் ஆராய்ந்தது கடல் நத்தைகளின் விஷத்தை. நத்தைச் சாறு பட்டால் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் சாகும். அது விஷத்தால்தான் என்று காட்ட, பக்கத்திலேயே விஷமில்லாத ஒன்றின் சாற்றையும் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அக்காவிடம் மட்டி வாங்கிப் போனாள். ஊரே சாப்பிடுகிற பண்டம், இதைவிடச் சாது எது? பச்சைச் சதையை அரைத்து வடிகட்டித் தட்டில் விட்டாள். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நத்தைத் தட்டில் எல்லாம் செத்துக் கிடந்தன. மட்டித் தட்டிலும் அதே கதி.

"பாத்திரம் சரியா கழுவலையோ என்னவோ" என்றார் துறைத்தலைவர். அவளுக்கும் அதே சந்தேகம்தான். கழுவித் துடைத்து மறுபடி செய்தாள். மாறவில்லை. கிருமியாக இருக்குமோ, மட்டி தின்ற பாசியின் விஷமோ என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் மாதங்கள் ஓடின. சுத்தமான தொட்டியில் வளர்ந்த மட்டியிலும் அது இருந்தது. சாற்றைக் கொதிக்க வைத்தால் மட்டும் போய்விட்டது. கடைசியில் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது, அது ஒரு புரதம். மட்டி தன் உடம்புக்குள் தானே செய்துகொள்கிற விஷம்.

துறைத்தலைவர் இதை ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். மறுநாள் செய்தித்தாளில் 'நாம் சாப்பிடும் மட்டியில் விஷம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. கொதித்தால் போய்விடும் என்ற பாதியைக் காணோம்.

அடித்துப் பிடித்துச் சந்தைக்கு ஓடினாள். மதியம் ஆகியும் அக்காவின் கூடை நிறைந்தபடியே இருந்தது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன்டி, என் மட்டியைக் கொண்டு போய் எனக்கே வேட்டு வச்சிட்டியே?"

"பேப்பர்ல பாதியைத்தான் போட்டிருக்காங்கக்கா."

"அப்ப விஷம் இல்லைன்னு இங்க நின்னு சத்தமா சொல்லு."

சின்னவள் அக்காவின் காதருகே குனிந்தாள். "இருக்குக்கா. கொதிக்க வச்சா போயிடும்."

"நாங்க என்ன பச்சையாவா தின்னுறோம்?"

"எவ்வளவு நேரம் வேக விடுவே?"

"நேரமாவது ஒண்ணாவது. வாயைத் திறந்ததும் இறக்கிடுவேன். விட்டா ரப்பராயிடும்."

அது சின்னவளுக்குச் சுருக்கென்றது. அவள் கொதிக்க வைத்தது குழாயில் விட்ட சாற்றை. சட்டியில் கிடக்கிற மட்டியை அல்ல. ஓடு திறக்கிற சூட்டில் உள்ளே இருக்கிற விஷம் போகுமா? அவளுக்கே தெரியாது.

"நாளைக்கு உன் சட்டியோட லேபுக்கு வரியா?"

"சமைக்கவா கூப்பிடுறே?" அக்காவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

வந்தாள். வெள்ளைக் கோட்டு அவளுக்குப் பொத்தான் போடவே எட்டவில்லை. நசுங்கின சட்டியை லேப் அடுப்பில் ஏற்றி, வீட்டில் செய்கிற மாதிரியே செய்தாள். ஓடு திறந்ததும் கொஞ்சம் சதை, பிறகு கொஞ்சம், நன்றாக வெந்த பிறகு கொஞ்சம் என்று சின்னவள் எடுத்து, அரைத்துத் தனித்தனித் தட்டில் விட்டாள். மறுநாள் அக்காவையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள்.

"எல்லாம் மணி மணியா இருக்கு. இதுல எது செத்தது?"

"சுருங்கிக் கிடக்குதே, அது."

வாய் திறந்ததும் எடுத்த சதையின் தட்டில் பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்தன. நன்றாக வெந்ததில் எல்லாம் உயிரோடு. அக்கா கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அப்ப இத்தனை வருஷமா நான் ஊருக்கு என்னத்தை வித்தேன்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேக்கா. வயித்துக்குள்ள போனா செரிச்சுப் போயிடும்னு நினைக்கிறேன். ஆனா உறுதியா தெரியாத வரைக்கும் நல்லா வேக வைக்கிறதுதான் நல்லது."

"ரப்பரை யாருடி வாங்குவா?"

அதற்கு மறுபடி சட்டியை அடுப்பில் ஏற்றினார்கள். பக்கத்து அறைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் மூடி போட்டு, தீயைக் குறைத்து, சதை தானாக ஓட்டை விட்டுக் கழலும் வரை விட்டபோது விஷம் போனது, சதையும் ரொம்ப இறுகவில்லை. வீட்டில் அப்படிச் செய்து தின்றுபார்த்த அக்கா, "முன்ன மாதிரி இல்ல. ஆனா மெல்லலாம்" என்றாள்.

துறைத்தலைவர் அதையும் ஆராய்ச்சிக் கட்டுரையில் சேர்த்தார், செய்தித்தாளுக்கும் தானே எழுதினார். உள்பக்கத்து மூலையில் சின்னதாகப் போட்டார்கள். வியாபாரம் தட்டுத் தடுமாறித்தான் எழுந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் திரும்ப வரவே இல்லை. வந்தவர்கள் கேட்டால் அக்கா மழுப்புவதில்லை. "பச்சையா இருந்தா விஷம்தான். சதை தானா கழலுற வரைக்கும் மூடி வச்சு வேக விடுங்க. என் தங்கச்சி பார்த்துச் சொன்னது."

ஒரு சாயங்காலம் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "பாவம், வாயில்லா ஜீவன். அதுக்கு எதுக்குடி விஷம்?"

"தெரியலக்கா. கிருமியை விரட்டவா, முட்டையைக் காப்பாத்தவான்னு இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன்."

"சீக்கிரம் பாரு. அடுத்து அதைத்தான் என்கிட்ட கேப்பாங்க."