டேப்பைப் பார்த்தாச்சு

ஒன்பது வயதில் செய்த ஒரு திருட்டுத்தனத்தை, முப்பது வயது தாண்டும்வரை என் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வாப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் டேங்குக்கு அடியிலிருக்கும் பெட்ரோல் டேப்பை, அந்தச் சின்னத் திருகை, மூடி வைத்தேன், அவ்வளவுதான்.

தாராவியில் எங்களுக்குக் கீழே பை தைக்கும் பட்டறை, மேலே வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணி. பட்டறை வாசலில் நிற்கும் அந்த வண்டிக்குத் தன் கல்யாணத்தைவிட வயது அதிகம் என்று உம்மா சொல்வாள். கார்புரேட்டரில் ஏதோ தேய்ந்துபோய், டேப்பைத் திறந்தே விட்டால் விடிய விடியப் பெட்ரோல் சொட்டும். அதனால் நிறுத்தியதும் மூடுவார், கிளம்பும்போது திறப்பார். வேறு எதை மறந்தாலும் வாப்பா இதை மறக்க மாட்டார்.

பெருநாளுக்கு வந்த என் லாத்தா, அதாவது அக்கா, மூன்று வாரமாகியும் அம்பர்நாத்திலிருந்த புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவள் முழங்கைக்குக் கீழே ஒரு தீப்புண் இருந்தது. எண்ணெய் தெறித்தது என்றாள். உம்மா மருந்து போட்டாள், மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. மாமா அம்பர்நாத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவந்து விடுவதாக வாக்குக் கொடுத்தாயிற்று.

என் கவலை வேறு. திங்கட்கிழமை பள்ளியில் மகாராஷ்டிரா படம் வரைந்து கொடுக்க வேண்டும். லாத்தாதான் வரைந்து தந்துகொண்டிருந்தாள். கொங்கணக் கரை முடிந்திருந்தது. அவள் போய்விட்டால் கிழக்கே விதர்பாவை யார் வரைவது?

ஞாயிறு காலை வாப்பா டேப்பைத் திறந்து, வண்டியை உதைத்து ஓடவிட்டு, ஹெல்மெட் எடுக்க மேலே போனார். உம்மாவும் லாத்தாவும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் குனிந்து டேப்பை மூடினேன். வண்டி நிற்கவில்லை! கார்புரேட்டருக்குள் மிச்சம் இருக்கும் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? லாத்தாவை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்து முனையில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. வாப்பா தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பின்னால் லாத்தா பையோடு நடந்து வந்தாள்.

வழியனுப்ப வந்திருந்த மாமா, வெள்ளைச் சட்டை அழுக்காகாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“டேப்பைப் பாத்தியளா மச்சான்?”

நான் சட்டென்று ஏணிப் பக்கம் பார்த்தேன்.

“அதெல்லாம் பாத்தாச்சு” என்றார் வாப்பா, நிமிராமல்.

தள்ளி வந்ததிலிருந்து நான் பக்கத்திலேயேதான் நின்றேன். அவர் கை அந்தப் பக்கமே போகவில்லை. மறந்துவிட்டு, மாமாவிடம் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன்.

“அப்பம் ட்ரெயின்ல கூட்டிட்டுப் போயிருவமா?”

“இன்னைக்கு மெகா பிளாக்குல்லா, பாதி ட்ரெயின் ஓடாது” என்றார் வாப்பா.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி நன்றாகவே வந்தது. பிறகு பெட்ரோல் ட்யூபை உருவிவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் செய்தித்தாளில் வைத்தார். அடியிலிருந்த கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜெட் என்று சொல்லும் சின்னப் பித்தளைத் துண்டை எடுத்து ஊதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளை சுத்தமாகத் தெரிந்தது. மறுபடியும் ஊதினார். ஒரு மணி நேரம் அந்த ஒரே ஜெட்டை ஊதிக்கொண்டிருந்தார். லாத்தா புர்காவைக்கூடக் கழற்றாமல், மடியில் பையோடு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பாங்கு சொன்னதும் மாமா தொழப் போனார். வாப்பா போகவில்லை. ஜெட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி கேட்டார்.

“எண்ணெய்தானா அது?”

லாத்தா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெட்டைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இல்ல வாப்பா. இஸ்திரிப் பெட்டி.” புண்மேல் கையை வைத்துக்கொண்டு, “நான் போவல வாப்பா” என்றாள்.

ஜெட்டை மாட்ட வாப்பாவுக்கு வெகு நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு, லாத்தாவின் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். திரும்பி வந்த மாமா கீழே நின்று, வண்டி என்ன ஆயிற்று என்று கத்தினார்.

“வண்டி சரியாயிட்டு. பிள்ளை வரல” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

மாமா ஒரு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் படத்தில் விதர்பா பச்சை நிறத்தில் முடிந்தது. அத்தனை பெரியவர்களை ஏமாற்றிய பெருமையில் நான் நன்றாகத் தூங்கினேன்.

வாப்பா மௌத்தான பிறகு வண்டி என்னிடம் வந்தது. போன மாதம் முலுண்டில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் முதலில் டேப்பை மூடினார், பிறகுதான் ட்யூபை உருவினார். மூடாமல் உருவினால் டேங்கில் இருப்பதெல்லாம் காலில் கொட்டும் என்றார். அன்று வாப்பா டேப்பைத் தொடாமல்தான் உருவினார். ஒரு சொட்டும் கொட்டவில்லை. டேப் மூடித்தான் இருக்கிறது, கொட்டாது என்று அவருக்குத் தெரியும்.

உடனே லாத்தாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். பின்னால் தையல் மெஷின் சத்தம் நின்றது.

“வண்டி ஓடியிருந்தா வாப்பா என்னைக் கொண்டுபோய் விட்டிருப்பாவன்னுதான் இத்தனை வருஷமும் மனசுல வச்சிருந்தேன். நான் வாயத் தொறக்கணும்னுதான் அத்தனை நேரம் உக்காந்திருந்தாவளா?”

ஆமாம் என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆனாலும் சந்து முனைவரை அவர் லாத்தாவை ஏற்றிக்கொண்டு ஓட்டித்தான் போனார். டேப் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் அதைப் பேசாமல் போனை வைத்தேன்.