கழுத்தில் நின்ற கத்தி

சலூன்காரரைத் தெருவில் எல்லோரும் பூக்கைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பூப்போன்ற கை; கத்தி கழுத்தில் ஓடுவதே தெரியாது. பாதிச் சவரத்தில் குறட்டை விட்டவர்கள் உண்டு. வீட்டில் அடுப்பெரிவதே அந்தக் கையால்தான்.

போன மாதம் அவர் கழுத்திலேயே கத்தி வைத்துத் தைராய்டை எடுத்தார்கள். அதன் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், எலும்பிலிருந்து எடுத்துவர ஆள் அனுப்புவது அவைதாம். அறுவையில் அவை மயங்கிப்போயின. அவை விழிக்கும்வரை கால்சியம் மாத்திரையை விடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

சலூனில் வைத்தியத்துக்குப் பஞ்சமா? மனைவியின் அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி, "மாப்ளே, கால்சியம் மாத்திரை தின்னா கிட்னில கல்லு வரும். நிறுத்திடுங்க" என்று அடித்துச் சொன்னார். மச்சான் பேச்சைத் தட்டாத மனுஷர், நிறுத்தியும்விட்டார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டார்.

இன்று அதே மச்சான், அதே நாற்காலி. கத்தி குரல்வளைமேல் இருந்தபோது பூக்கைக்காரரின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்தன. கட்டைவிரல் உள்ளே மடிந்து கத்தியை இறுக்கியது. மணிக்கட்டு தானாகவே கழுத்தை நோக்கி வளையத் தொடங்கியது.

"மச்சான், பேசாதீங்க."

"ஏன், நான் என்ன..."

"எச்சில்கூட முழுங்காதீங்க!"

கத்தி இன்னும் கொஞ்சம் வளைந்தால் அவ்வளவுதான். மனைவி முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? விரல் சொன்னபடி கேட்கவில்லை. தோள் கேட்டது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்போடு சேர்த்துக் கையையும் பின்னுக்கு இழுத்தார். முதுகு சுவரில் முட்டிய பிறகுதான் மூச்சே வந்தது.

மச்சான்தான் கத்தியைப் பிடுங்கிவிட்டு, பாதி முகத்தில் நுரையோடு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். ஊசி வழியாகக் கால்சியம் மெல்ல ஏற, விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடி தளர்ந்தன.

"எலும்புல வேணுங்கிற அளவு கால்சியம் இருக்கு. எடுத்துக் குடுன்னு சொல்லத்தான் ஆள் இல்ல. மாத்திரைய யாருய்யா நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் சீறினார்.

பூக்கைக்காரர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"நாந்தான்" என்றார் மச்சான், காய்ந்த நுரையைச் சுரண்டியபடி.

டாக்டர் சரி என்ற பிறகு பூக்கைக்காரர் கடையைத் திறந்தார். அதற்குள் சேதி தெருவெல்லாம் பரவியிருந்தது. முடிவெட்ட வந்தார்கள், சவரத்துக்கு ஒருவரும் உட்காரவில்லை. அவர் கத்தியைத் துடைப்பதும் வைப்பதுமாக இருந்தார். இனி இந்தக் கையை யார் நம்புவார்கள்?

மச்சான் உள்ளே வந்தார். மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டி, அவர் விழுங்கும்வரை கண்கொட்டாமல் நின்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, முகவாயைத் தூக்கினார்.