எஸ்.ஜி.பி.டி. ஏறினால் ஈரல் மட்டுமல்ல

1

கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது லேபில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது.

வடகவுஞ்சி கிராமத்து முத்துலட்சுமி தன் மகன் கவினை முதலில் கொண்டுவந்தபோது அவனுக்கு நான்கு வயது. காய்ச்சலுக்காக எடுத்த ரத்தத்தில், ஈரல் கெட்டால் ஏறும் எஸ்.ஜி.பி.டி. மிக அதிகம். காமாலையைக் காட்டும் பிலிருபின் நார்மல். கண்ணில் மஞ்சள் இல்லை. கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்டை அனுப்பினேன். ஈரல் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, எண்ணெய், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் இரண்டு முறை வந்தார்கள். அப்பா தோளில் தூக்கி வருவார். எஸ்.ஜி.பி.டி. இறங்கவே இல்லை. மூன்றாம் முறை முத்துலட்சுமி ஆறு மாதக் கர்ப்பிணி.

"முட்ட கேட்டு அழுகுறான்க்கா. குடுக்கலாமா?"

"டாக்டர்ட்ட கேளுங்கம்மா" என்றேன். எனக்கு அடுத்த சாம்பிள் காத்திருந்தது.

2

நான்காம் முறை அவள் இடுப்பில் கைக்குழந்தை. கவின் லேப் தரையில் உட்கார்ந்திருந்தான். "வாய்யா" என்று கூப்பிட்டேன். இரண்டு கையையும் தரையில் ஊன்றினான். பிறகு முழங்காலைப் பிடித்தான், பிறகு தொடையை. தன் கால்மேல் தானே ஏறுவதுபோல எழுந்தான். கெண்டைக்கால் இரண்டும் தடித்திருந்தன.

"எப்பவும் இப்படித்தான் எந்திரிப்பானா?"

"ஆமாக்கா. அவுக அப்பா, காலப் பாரு, மலையேறப் பெறந்தவன்னு சொல்லுவாரு."

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டு, சி.பி.கே. டெஸ்ட் போட்டேன். தசை கிழிந்தால் ரத்தத்தில் ஏறுவது அது. எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலிருந்து கசியும். மெஷின் அளக்கக்கூடிய அளவைத் தாண்டியது. சாம்பிளை நீர்க்கவைத்துப் போட்டதில், இருநூறுக்குள் இருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் வந்தது.

ரத்தம் ஜீன் டெஸ்டுக்கு மதுரை போனது. ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"தசைநாரு கிழியாமத் தாங்குறதுக்கு டிஸ்ட்ரோபின்னு ஒரு புரதம் இருக்கும்மா. இவன் ஒடம்புல அது உண்டாகல. நடந்தாலே நாரு கிழியுது. ஒடம்பு சரி பண்ணுது, திரும்பவும் கிழியுது. போகப் போக அந்த எடத்துல கொழுப்புதான் சேரும்."

"முட்ட குடுக்காததாலயா டாக்டர்?"

"இல்லமா. இது தின்னு வர்ற புரதம் இல்ல. பத்தியத்த இன்னைக்கே விட்ருங்க."

தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரலாம் என்பதையும் அவர் சொன்னார். முத்துலட்சுமி நேராக லேபுக்கு வந்து கைக்குழந்தையை நீட்டினாள். "இவனுக்கும் பாத்துருங்கக்கா."

அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். மெஷின் மறுபடியும் அளவு தாண்டியது.

அன்று அவளிடம் சொல்லிவிட்டேன். "முன்னால வந்த மூணு ரிப்போர்ட்டும் நான் போட்டதுதாம்மா. அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்."

அவள் திட்டவில்லை. "அப்பவே தெரிஞ்சிருந்தா இவன வேணாம்னு இருந்திருப்பனாக்கா?" என்றாள். கேட்டுவிட்டு, குழந்தையின் காதில் விழுந்துவிட்டதுபோல அவன் தலையை மார்போடு பொத்திக்கொண்டாள்.

கவின் இப்போது வீல்சேரில் இருக்கிறான். தம்பிக்கு மாத்திரையும் பயிற்சியும் சீக்கிரமே தொடங்கியதால் இன்னும் நடக்கிறான்.

பிள்ளைகளே, பிலிருபின் நார்மலாக இருந்து எஸ்.ஜி.பி.டி. மட்டும் ஏறியிருந்தால், குழந்தையைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லி, தொடையில் கை ஊன்றி எழுகிறதா என்று பாருங்கள். பிறகு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பார்க்க அரை நிமிடம் ஆகாது. எனக்கு மூன்று ஆண்டு ஆனது.